வயிற்றுக் கிருமி எலும்பை அரிக்குமா?

கேள்வி: எனக்கு வயது 61, ஊர் தேவகோட்டை. நெஞ்செரிச்சலுக்காக நான்கு ஆண்டுகளாகத் தினமும் காலையில் கேஸ் மாத்திரை போடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன் முற்றத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. போன வாரம் எண்டோஸ்கோபி செய்து, வயிற்றில் 'ஹெச். பைலோரி' கிருமி இருப்பதாகச் சொல்லி, 14 நாள் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் கிருமி எலும்பையும் அரிக்கும் என்கிறார் உறவினர் ஒருவர். உண்மையா டாக்டர்?

பதில்: அம்மா, அந்தக் கிருமி குடியிருப்பது இரைப்பையின் சளிப்படலத்தில்தான். எலும்புக்குள் போய் அரிப்பதில்லை. ஆனாலும் உறவினர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். இந்தக் கிருமி உள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்தி சற்றுக் குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் கண்டன. வேறு சிலவற்றில் தொடர்பே தெரியவில்லை. சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கினால் இரைப்பை அழற்சியும் நீடிக்கும். அப்போது சுரக்கும் சில பொருள்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டக்கூடியவை. சிலருக்கு அமிலச் சுரப்பே வற்றி, பி12 வைட்டமினும் இரும்புச்சத்தும் உடலில் சேர்வது குறைகிறது.

என்னை அதிகம் கவலைப்பட வைத்தது நான்கு ஆண்டு கேஸ் மாத்திரைதான். கல்யாண விருந்துக்கு மறுநாள் தொடங்கி, நிறுத்தவே மறந்துபோனவர்களைக் காரைக்குடிப் பக்கம் நிறையப் பார்க்கிறேன். அமிலத்தை அடக்கும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகளை நெடுநாள் எடுத்தால் இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவுகள் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் எச்சரித்தது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். அதை அடக்கிவிட்டு வெறும் வயிற்றில் போட்டால் பெரும்பகுதி வீண்தான். சாப்பாட்டோடு போடுங்கள், அல்லது கால்சியம் சிட்ரேட் கேளுங்கள்.

அதற்காகக் கேஸ் மாத்திரையை இன்றே தூக்கி எறிந்துவிட வேண்டாம். 14 நாள் சிகிச்சையில் அதுவும் ஓர் அங்கம். வாய் கசந்தாலும் ஒரு வேளைகூடத் தவறாமல் முடியுங்கள். முடித்து நான்கு வாரமாவது கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து, கிருமி ஒழிந்ததா என்று பாருங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து கேஸ் மாத்திரை கூடாது. போட்டால் இருக்கும் கிருமியும் இல்லாததுபோல் காட்டும். கிருமி போய்விட்டால், அந்த மாத்திரை இனியும் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டே ஆகவேண்டும்.

எலும்புக்குத் தனிக் கணக்கு. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தது என்றால், மாதவிலக்கு நின்றபின் வரும் எலும்புத் தேய்மானத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். அதில் வரும் 'டி ஸ்கோர்' மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால், ஆஸ்டியோபோரோசிஸ் எனும் அந்தத் தேய்மானம்தான். வைட்டமின் டி அளவையும் பாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு; காலையில் கூழோ களியோ சாப்பிடலாம். எலும்புக்கு வாரம் ஒருமுறை போடும் மாத்திரை தந்தால், வயிற்றுச் சிக்கலைச் சொல்லாமல் வாங்காதீர்கள். சிலருக்கு அது உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

கை வலிக்கு மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களா? டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் வகை என்றால் இன்றே நிறுத்துங்கள். இந்தக் கிருமியோடு அதுவும் சேர்ந்தால் புண் வந்து ரத்தம் கசியும் ஆபத்து அதிகம். மலம் தார்போல் கறுத்து ஒட்டினாலோ தலை சுற்றினாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.