பியோனி மலர்ப் பண்ணைக்குப் போகுமுன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மே கடைசி வாரம் ஓரிகன் போகிறோம். பியோனிப் பண்ணைகளில் அப்போது பூ இருக்குமா?
– ஒரு வாசகி, கலிபோர்னியா

பதில்: இருக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகர் சேலத்தைச் சுற்றிய (ஆம், அங்கேயும் ஒரு சேலம்!) வில்லாமெட் பள்ளத்தாக்கில் மே தொடக்கத்திலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை பூக்காலம். ஆனால் ஒரு செடி பூத்து நிற்பது ஏழிலிருந்து பத்து நாள்தான். 'கோரல் சார்ம்' முந்தி வரும் ரகம். பவள நிறத்தில் விரிந்து, சில நாளில் வெளிர் மஞ்சளாகிவிடும் அந்த அழகு உங்களுக்குத் தப்பிப்போகலாம். பிந்திப் பூக்கும் இளஞ்சிவப்பு 'சாரா பெர்ன்ஹார்ட்' கிடைக்க வாய்ப்பு உண்டு. வெயில் சீக்கிரம் ஏறினால் பூக்காலமே முந்திவிடும். கிளம்புமுன் பண்ணையில் நிலவரம் கேளுங்கள். மழைக்கு மறுநாள் போகாதீர்கள். அடுக்குப் பூக்கள் தண்ணீர் கோத்து, பாரம் தாங்காமல் தரையில் சாய்ந்து கிடக்கும்.

கேள்வி: பண்ணையில் வாங்கிய மொட்டுகளில் பாதி விரியவே இல்லை. எறும்பு மொய்த்ததுதான் காரணமா?
– ஒரு வாசகர், சியாட்டில்

பதில்: எறும்பு பாவம். மொட்டில் கசியும் தேனுக்காக வருகிறது. அதனால் கெடுதலும் இல்லை, அது வந்தால்தான் பூ மலரும் என்பதும் இல்லை. உதறிவிட்டால் போதும்.

தவறு பறித்த பருவத்தில். மொட்டை இரு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கோலிக்குண்டு போல் கெட்டியாக இருந்தால் குவளையில் அப்படியே கருகும். சூடு ஆறிய இட்லி போல் அமுங்கி எழ வேண்டும், இதழின் நிறமும் வெளியே தெரிய வேண்டும். ஒற்றையடுக்கு ரகங்களைச் சற்று முன்னதாகவும், நெருக்கமான அடுக்கு ரகங்களை இன்னும் இளகவிட்டும் பறிக்கலாம்.

உடனே தேவையில்லை என்றால் இலைகளைக் கிள்ளி, ஈரமில்லாமல் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு ஃப்ரிட்ஜில் படுக்க வையுங்கள். இரண்டு வாரம் தாங்கும். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு பூவைக் கெடுத்துவிடும். வெளியே எடுத்ததும் தண்டில் 2 செ.மீ. நறுக்கி வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். துவண்டு தெரிந்தாலும் பதற வேண்டாம், ஒரு நாளில் நிமிரும்.

கேள்வி: கிழங்கு வாங்கி வந்து கொடைக்கானலில் நடலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். பூ மொட்டு வைக்க 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் தேவை. கொடைக்கானல் குளிர் அதற்குப் போதாது. இலை தழைத்தாலும் பூவை எதிர்பார்க்க முடியாது. குளிர்நாட்டில் இருப்பவர்கள் இலையுதிர் காலத்தில், கிழங்கின் முளைக்கண்ணுக்கு மேல் 5 செ.மீ. மண்ணுக்கு மிகாமல் நடுங்கள். ஆழம் கூடினால் அங்கேயும் வெறும் இலைதான்.