கோத்தகிரி பூங்கா: கட்டுச்சோற்றைத் தடுக்காதீர்கள்

வணக்கம் நண்பரே. வெளிநாட்டு நிறுவனத்தின் விதிகளோடு கோத்தகிரியில் பூங்கா திறந்தீர்கள், 'வெளி உணவு கூடாது' பலகையைப் பார்த்துக் குடும்பங்கள் வாசலிலேயே திரும்புகின்றன என்று எழுதியிருந்தீர்கள். டிஸ்னியே இதில் அடிபட்டிருக்கிறது. 1992-ல் பாரிஸ் அருகே திறந்தபோது பூங்காவுக்குள் மது கிடையாது என்றார்கள். சாப்பாட்டோடு ஒயின் குடித்துப் பழகிய பிரெஞ்சுக்காரர்களுக்கு அது பெரிய மனத்தாங்கல். மறு வருடமே விதியைத் தளர்த்தினார்கள்.

நம் மலைக்கு வேனில் வருகிறவர்கள் விடியற்காலையில் கிளறிய புளியோதரையும் தூக்குவாளியில் தயிர்சாதமும் கொண்டுவருவார்கள். பாட்டிக்குக் கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதை வெளியே வைத்துவிட்டு வா என்றால் யார் வருவார்கள்? சாரல் படாத ஒரு கொட்டகை, கை கழுவக் குழாய், இரண்டும் போதும். பிளாஸ்டிக்கை மட்டும் வாசலில் கண்டிப்பாக நிறுத்துங்கள், நீலகிரியில் அதற்குத் தடை இருக்கிறது. பாரிஸ் கதையைச் சொல்லியே நிறுவனத்திடம் அனுமதி கேளுங்கள்.