பேச்சு வராத குழந்தையும் காது கேளாத குழந்தையும் இருக்கும் பாலர் வகுப்பில் பாட்டு நடத்தலாமா?

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் படிக்கும் வகுப்பில் ஒருவனுக்குப் பேச்சு வரவில்லை, ஒருத்திக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, அப்படியிருக்கப் பாட்டு வேளை அவர்களை இன்னும் ஒதுக்கிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுவிட்டு எல்லோரையும் ஆடச் சொன்னால் நிச்சயம் ஒதுக்கிவிடும். நானே இரண்டு ஆண்டுகள் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். பாட்டு தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடிய, ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனைப் பிடிவாதக்காரன் என்றே நினைத்திருந்தேன்; அவனை விரட்டியது பாட்டு அல்ல, அதன் சத்தம் என்பது ஒருநாள் மின்சாரம் போய், நான் வாயால் பாடியபோதுதான் புரிந்தது.

பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் நிற்காது. வாயால் பாடும்போது நிறுத்தலாம், தாழ்த்தலாம், காத்திருக்கலாம். அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் இங்கிலாந்தைச் சேர்ந்த சிறப்புக் கல்வி ஆசிரியர் கிளைவ் ராபின்ஸும் 1959 முதல் சேர்ந்து உருவாக்கிய இசைச் சிகிச்சை முறையின் அடிப்படையும் ஏறக்குறைய இதுதான்: குழந்தையின் அசைவையும் குரலையும் கவனித்து, அதன் வேகத்துக்கு ஏற்ப அந்த நொடியிலேயே இசைப்பார்கள்.

எங்கள் வகுப்பில் வருகைப் பதிவையே பாட்டாக்கினோம். ஒவ்வொரு பெயரையும் பாடிவிட்டு நான்கு தாளம் நிறுத்துவேன். அந்த இடைவெளியில் குழந்தை "வந்தேன்" என்று பாடலாம், கையை உயர்த்தலாம், அல்லது நடுவில் கவிழ்த்து வைத்த வாளியைத் தட்டலாம். முதல் மூன்று வாரங்களும் அந்தச் சிறுவனின் இடைவெளி காலியாகவே போயிற்று. பிறகு ஒருநாள், நான் அடுத்த பெயருக்குப் போன பிறகு, தாமதமாக இரண்டு தட்டு கேட்டது. அதற்கப்புறம் நான் அவசரப்பட்டால், "மிஸ், அவன் இன்னும் தட்டல" என்று மற்ற குழந்தைகளே என்னை நிறுத்தினார்கள்.

எங்கள் வகுப்பில் இருந்த காது கேளாத ஒரு சிறுமியை மரப் பெஞ்சில் உட்காரவைத்து, அதே பெஞ்சின் மறுமுனையைத் தட்டினோம். அதிர்வு பலகை வழியாக உடம்புக்கு வந்துவிடுகிறது. ஊதிய பலூனை மார்போடு அணைத்துக்கொண்டாலும் மேளத்தின் ஆழ்ந்த ஒலியை உணர முடியும், மெல்லிய மணியோசைக்கு இது அவ்வளவாக ஒத்துவராது. எல்லோரும் பார்க்கும்படி கைத்தாளம் போட்டால் பாட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்பது அவளுக்கும் தெரியும். பெருமூளை வாதத்தால் பிடிக்க முடியாத கைக்குச் சலங்கையை எலாஸ்டிக் பட்டையில் தைத்து மணிக்கட்டில் கட்டலாம். ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் இசைக் கல்வி முறையில் பயன்படும், மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் சைலஃபோனில் அந்தக் கட்டைகளைத் தனித்தனியே கழற்றலாம்; வேண்டாத சுரங்களை எடுத்துவிட்டால் குழந்தை எங்கே தட்டினாலும் பாட்டோடு சேரும். விலை அதிகம் என்பதால் எங்களுக்கு இன்னும் வாளிதான்.

ஆண்டு விழாவில் இத்தகைய குழந்தைக்கு மரம் வேடம் போட்டுக் கடைசி வரிசையில் நிறுத்தும் வழக்கத்தை நான் சேர்த்துக்கொள்வதாகவே எண்ணுவதில்லை.

இசை பேச்சுப் பயிற்சிக்கோ காது பரிசோதனைக்கோ மாற்று அல்ல. உங்கள் வகுப்புச் சிறுமியைப் பெற்றோர் இன்னும் பரிசோதனைக்கு அழைத்துப் போகவில்லை என்றால், பாட்டைத் தொடங்குங்கள், ஆனால் அதே வாரத்தில் அரசு மருத்துவமனைக்கும் அனுப்பிவையுங்கள்.