தன் வாழ்க்கையில் கட்டுப்பாடு காட்டாதவர் கட்டுப்பாட்டைப் பற்றி எழுதியதை ஏன் படிக்க வேண்டும்?

எம். ஸ்காட் பெக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 'தி ரோடு லெஸ் டிராவல்டு' எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர். அவர் நிறையக் குடித்தார், விடாமல் புகைத்தார், மனைவி இருக்கும்போதே வேறு பெண்களோடு தொடர்பு வைத்திருந்தார், பிள்ளைகளோடு உறவு கசந்துபோனது, இதெல்லாம் தெரிந்த பிறகு அவர் சொல்லும் சுயக்கட்டுப்பாட்டை எப்படி எடுத்துக்கொள்வது என்பது உங்கள் சந்தேகம்.

என் பதில், படியுங்கள். ஆனால் குருவாக நினைத்துப் படிக்காதீர்கள், தன்னிடம் வந்த நோயாளிகளை உட்கார வைத்துப் பொறுமையாகக் கவனித்த ஒரு மருத்துவராக நினைத்துப் படியுங்கள். அவர் எழுத்தில் எங்கெல்லாம் அந்த மருத்துவர் பேசுகிறாரோ அங்கெல்லாம் தங்கம், எங்கே அவர் தீர்ப்பு சொல்ல ஆரம்பிக்கிறாரோ அங்கே சரிகிறது. கல்லூரி முடித்த புதிதில் ஒரு தடவையும், பிள்ளை பிறந்த பிறகு இன்னொரு தடவையும் அந்தப் புத்தகத்தைப் படித்தேன், இரண்டு தடவையும் எனக்கு இதுதான் தோன்றியது.

முதலில் ஆள் யார் என்று பார்க்கலாம். 1936-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா வக்கீலாக இருந்து நீதிபதி ஆனவர், வசதியான குடும்பம். பையனை எக்ஸெட்டர் என்ற பேர்பெற்ற உறைவிடப் பள்ளியில் சேர்த்தார்கள். 15 வயதில் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர், இனி அந்தப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெற்றோர் பதறிப்போய் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். உனக்கு மனச்சோர்வு இருக்கிறது, மருத்துவமனையில் சேர்ந்துகொள், இல்லையென்றால் பள்ளிக்குத் திரும்பிப் போ, நாளைக்குள் முடிவு சொல் என்றார் அவர். பையன் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தான். பின்னால் மனநல மருத்துவராகி, சுயமாக முடிவெடுப்பதன் பயத்தைப் பற்றி எழுதும்போது பெக் இந்தச் சம்பவத்தைத்தான் எடுத்துச் சொல்கிறார். ஊரே தப்பு என்று சொல்லும் ஒரு முடிவை எடுத்துவிட்டு ராத்திரி தூங்காமல் புரண்டவருக்குத்தான் அந்தப் பக்கங்களை எழுத வரும்.

அப்புறம் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய ஒரு சின்னப் பள்ளி, ஹார்வர்டு, 1963-ல் மருத்துவப் பட்டம். இடையில் 1959-ல் சிங்கப்பூரில் பிறந்த லில்லி ஹோ என்ற சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார், அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. படிப்பு முடிந்து 1972 வரை அமெரிக்க ராணுவத்தில் மருத்துவர்.

பயிற்சிக் காலத்தில் நடந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். கூட வேலை பார்த்தவர்கள் சாயங்காலம் நாலரைக்கு வீட்டுக்குக் கிளம்ப, இவர் மட்டும் நோயாளிகளை அடிக்கடி வரச்சொல்லிவிட்டு ராத்திரி எட்டு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருப்பார், உள்ளுக்குள் கோபம் ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் மேலதிகாரியான மாக் பாட்ஜ்லி என்பவரிடம் போய், புது நோயாளிகளைக் கொஞ்ச நாள் குறைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உனக்கு ஒரு பிரச்சினை இருப்பது தெரிகிறது என்றார். சரி, என்ன செய்யலாம் என்று கேட்டால், அது உன் நேரம், உன் பிரச்சினை என்று முடித்துவிட்டார். பெக் கொதித்துப்போனார், மூன்று மாதம் அந்த ஆளை வெறுத்தார். பிறகுதான் புரிந்தது, கூடுதல் நேரம் உட்காரச் சொன்னது யாருமில்லை, தானாக எடுத்த முடிவு அது. தன் நேரத்துக்குத் தானே பொறுப்பு என்ற விஷயத்தை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், நானும் நிறையப் படித்திருக்கிறேன், ஆனால் இந்த ஒரு சம்பவம் எனக்குள் இறங்கிய மாதிரி வேறு எதுவும் இறங்கவில்லை.

ராணுவத்தை விட்டதும் கனெக்டிகட்டில் நியூ மில்ஃபோர்டு என்ற ஊரில் தனியாக மருத்துவம் பார்த்தார். அங்கே பார்த்த நோயாளிகளின் கதைகள்தான் 1978-ல் வந்த அந்தப் புத்தகத்துக்கு உயிர். வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிற ஒரு பெண் வருகிறார், மாதக்கணக்கில் பேசியும் காரணம் பிடிபடவில்லை. ஒரு நாள், உனக்கு கேக் பிடிக்குமா, கேக்கா மேலே உள்ள க்ரீமா, எதை முதலில் சாப்பிடுவாய் என்று பெக் கேட்கிறார். க்ரீமைத்தான் என்கிறாள். அங்கிருந்து நூல் பிடித்துப் போனால், அலுவலகத்திலும் முதல் ஒரு மணி நேரத்தில் பிடித்த வேலையை முடித்துவிட்டு மிச்சப் பொழுதெல்லாம் பிடிக்காத வேலையிலிருந்து தப்பித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. முதல் ஒரு மணி நேரம் பிடிக்காததைச் செய்துவிடு, அப்புறம் முழுக்க உனக்குப் பிடித்தது என்கிறார், அவ்வளவுதான் வைத்தியம். வாழ்க்கை கஷ்டமானது என்று சொல்லித்தான் புத்தகத்தையே ஆரம்பிக்கிறார், புத்தர் சொன்னதுதான் இது என்று அங்கேயே குறிப்பும் வைத்திருக்கிறார். 'எல்லாம் நல்லபடி நடக்கும்' என்று தடவிக்கொடுக்காத இந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அன்பைப் பற்றிய பகுதியைத் தவறவிடாதீர்கள். தன்னுடையதோ இன்னொருவருடையதோ, ஒரு மனதின் வளர்ச்சிக்காகத் தன்னை நீட்டிக்கொள்ளத் துணிவதுதான் அன்பு, காதலில் விழுவது அன்பு ஆகாது என்கிறார். அப்படிப் பார்த்தால் அன்பு ஒரு செயல், முடிவு, உழைப்பு. கல்யாணம் ஆகிச் சில வருஷம் ஆனவர்களுக்கு இது எவ்வளவு ஆறுதல் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புத்தகம் வந்ததும் ஓடிவிடவில்லை. ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம் வேண்டாம் என்றது, கடைசிப் பகுதியில் கிறிஸ்தவ வாடை அடிக்கிறது என்பது காரணம். சைமன் அண்ட் ஷூஸ்டர் 7,500 டாலர் முன்பணம் கொடுத்து வாங்கியது. சில வருஷம் மெதுவாக, வாய் வழியாகவே பரவி, 1980-களில் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறி, பத்து வருஷத்துக்கும் மேல் அங்கேயே இருந்தது. இத்தனைக்கும் எழுதும்போது பெக் கிறிஸ்தவராகவே இல்லை, இளம் வயதில் ஜென் பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டிருந்தவர் 1980-ல்தான் ஞானஸ்நானம் பெற்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அவரோடு சண்டை. 1983-ல் வந்த 'பீப்பிள் ஆஃப் தி லை' மனிதத் தீமையைப் பற்றியது. அதில் பாபி என்ற ஒரு பையன் வருகிறான். அவன் அண்ணன் துப்பாக்கியால் சுட்டுத் தற்கொலை செய்துகொண்டவன், அதே துப்பாக்கியைப் பெற்றோர் கிறிஸ்துமஸ் பரிசாகத் தம்பிக்குக் கொடுத்திருக்கிறார்கள். படிக்கும்போது கை நடுங்கும். அந்தப் பையனை வீட்டிலிருந்து பிரித்து வைக்க பெக் எடுத்த முயற்சி அருமையானது. ஆனால் அங்கிருந்து, தீமை என்பதையே ஒரு நோயாகப் பெயரிட்டு மருத்துவம் கண்டறிய வேண்டும் என்று போகிறார். இது ஆபத்தான இடம். எதிரே உட்கார்ந்திருப்பவரைத் தீயவர் என்று முடிவுகட்டிவிட்ட மருத்துவரால் அதன் பிறகு எதைக் காது கொடுத்துக் கேட்க முடியும்? கடைசியில், 2005-ல், தானே முன்னின்று நடத்திய இரண்டு பேயோட்டல்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிற வரை போனார். என்னால் அதை ஏற்கவே முடியவில்லை, மனநோயால் தவிக்கும் ஒருவரின் குடும்பம் அதைப் படித்துவிட்டு என்ன செய்யும் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். குடி, புகை, பிற பெண்கள் என்று நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் மனைவிக்குத் தான் உண்மையாக இல்லை என்பதை 1995-ல் 'இன் சர்ச் ஆஃப் ஸ்டோன்ஸ்' என்ற நூலில் அவரே எழுதினார். அதனால் லில்லி பட்டது குறைந்துவிடாது. நாற்பது வருஷத்துக்கும் மேலான அந்தக் கல்யாணம் முறிந்தது, 2004-ல் வேறு கல்யாணம், அடுத்த வருஷம் செப்டம்பரில் பார்க்கின்சன் நோயும் புற்றுநோயும் சேர்ந்து அவர் இறந்தார். அன்பு ஒரு செயல் என்று எழுதியவர் வீட்டில் அந்தச் செயலைச் செய்யவில்லை, இதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் அந்த கேக் கதையும் பாட்ஜ்லி கதையும் உண்மையாக இருப்பதற்கு பெக் உத்தமராக இருக்க வேண்டிய தேவை இல்லை, அவை நோயாளிகளிடமும் தன்னிடமும் அவர் கண்டுபிடித்தவை. ஆசையைத் தள்ளிப்போடுவது எவ்வளவு கடினம் என்று அவ்வளவு நுணுக்கமாக எழுத முடிந்ததே அதில் தினமும் தோற்றதால்தானோ என்றுகூட நினைக்கிறேன்.

முதல் புத்தகத்தின் முதல் இரண்டு பகுதிகளிலிருந்து ஆரம்பியுங்கள். கடைசியில் வரும் 'அருள்' பகுதி உங்களுக்கு ஒட்டினால் படியுங்கள், ஒட்டாவிட்டால் விட்டுவிடலாம். மனச்சோர்வில் இருப்பவர்கள், தூக்கமும் பசியும் போய்விட்டவர்கள், இதைச் சிகிச்சைக்குப் பதிலாக வைத்துக்கொள்ள வேண்டாம், அவர் பேசும் கட்டுப்பாட்டுக்கு வேண்டிய தெம்பே அந்த நேரத்தில் இருக்காது, முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். முதல் புத்தகம் பிடித்துப்போனால் அடுத்ததாக 1987-ல் வந்த 'தி டிஃபரண்ட் டிரம்' எடுங்கள், ஒரு குழுவில் ஆரம்பத்தில் வரும் போலி இணக்கம் எப்படிச் சண்டையாகி, அந்தச் சண்டையைத் தாண்டி எப்படி உண்மையான நெருக்கம் வருகிறது என்று எழுதியிருப்பார், கூட்டுக் குடும்பத்திலோ சங்கத்திலோ இருப்பவர்களுக்கு நிறையப் பயன்படும்.