இரண்டும் ஆறு சதவீதம்தான்

வணக்கம். சைக்கிளில் மலை ஏறத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. அண்மையில் இரண்டு மலைப்பாதைகளில் போனேன். இரண்டுமே 5 கிலோமீட்டர், இரண்டுக்கும் சராசரி ஏற்றம் 6 சதவீதம் என்றுதான் போட்டிருந்தது. முதலாவதில் மூச்சு வாங்கினாலும் நிற்காமல் ஏறிவிட்டேன். இரண்டாவதில் கடைசி இரண்டு கிலோமீட்டரும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். உடன் வந்தவர்கள் காலில் வலு போதவில்லை என்கிறார்கள். அந்த எண் தவறா, நான்தான் இன்னும் தேறவில்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எண் சரிதான். அதை வைத்து உங்கள் காலைக் குறை சொல்வதுதான் தவறு.

6 சதவீதம் என்றால் 100 மீட்டர் முன்னே போவதற்குள் 6 மீட்டர் உயர்கிறோம். உங்கள் இரண்டு பாதைகளுமே 5 கிலோமீட்டரில் 300 மீட்டர் உயர்கின்றன. முதலாவது அடியிலிருந்து உச்சி வரை ஒரே சீராக ஏறியிருக்கும். இரண்டாவது எப்படி இருந்திருக்கலாம் என்று பாருங்கள்: முதல் 2 கிலோமீட்டர் 4 சதவீதம், அப்புறம் ஒரு கிலோமீட்டர் 2 சதவீத இறக்கம், கடைசி இரண்டும் 12 சதவீதம். கூட்டிக் கழித்தால் இதுவும் 300 மீட்டர்தான், சராசரி 6தான். அப்படியென்றால் நீங்கள் தள்ளிக்கொண்டு போனது 12 சதவீதத்தில்.

புகழ்பெற்ற மலைகளிலும் இதே கதைதான். பிரான்சின் மோன் வாந்து மலைக்கு பெதுவான் ஊரிலிருந்து போகும் பாதைக்குச் சராசரி ஏழரை சதவீதம். முதல் ஐந்து கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மெல்ல ஏறும். அதில் வேகமாகப் போய்க் களைத்தவர்கள், காட்டுக்குள் நுழைந்ததும் விடாமல் வரும் ஒன்பது, பத்து சதவீதத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஸ்பெயினின் ஆங்லிரு சராசரியில் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். உச்சிக்குச் சற்று முன்னால் 23 சதவீதத்தைத் தாண்டும்.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை: கியர். உங்களையும் சைக்கிளையும் சேர்த்து 85 கிலோ, உங்களால் நிதானமாக 150 வாட் தர முடியும் என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீதத்தில் மணிக்கு ஒன்பதரை கிலோமீட்டர் போகலாம். 12 சதவீதத்தில் அதே உழைப்புக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். பெடலோடு சுற்றும் முன்பக்கப் பல்சக்கரத்தில் 34 பல், பின்சக்கரத்தின் பல்சக்கரத்தில் 28 பல் என்றால், முதல் ஏற்றத்தில் நிமிடத்துக்கு 60 சுற்றுக்கு மேல் மிதிக்கலாம். இரண்டாவதில் அது 34 சுற்றாகிவிடும். அந்த வேகத்தில் பெடல் உச்சிக்கு வரும் ஒவ்வொரு தடவையும் வண்டி நின்றுவிடப் பார்க்கும், ஹேண்டில்பார் இடமும் வலமும் அலையும், முழங்கால் முழுப் பளுவையும் வாங்கும். வண்டி விழாமல் இருக்கவே வேகமாக மிதித்தாக வேண்டும். வேகமாக மிதித்தால் 150 வாட் 200ஐத் தாண்டும். சில நிமிடத்தில் இறங்கத்தான் வேண்டியிருக்கும். இதே ஏற்றத்தில் பின்னால் 34 பல் இருந்தால் 41 சுற்று, முன்னாலும் 30 பல்லாக்கினால் 47 சுற்று. சொகுசு இல்லை, ஆனால் ஏறிவிடலாம்.

ஏற்றங்கள் எவ்வளவு கடினம் என்று காட்டப் போடும் வகை எண்களையும் (எண் சிறிதானால் ஏற்றம் கடினம்) அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சைக்கிள் பயணங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியில் மீட்டரில் உள்ள நீளத்தைச் சதவீதத்தால் பெருக்கித்தான் வகை பிரிக்கிறார்கள். 8,000 வந்தால் நான்காம் வகை, 80,000 வந்தால் எல்லாவற்றுக்கும் மேலான வகை. இந்தப் பெருக்கல் மொத்த உயரத்தின் நூறு மடங்கைத்தான் தரும். 20 கிலோமீட்டருக்கு 4 சதவீதமும் 10 கிலோமீட்டருக்கு 8 சதவீதமும் அதில் ஒரே வகை. ஏறிப் பார்த்தவர்கள் யாரும் இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள்.

ஆகவே அடுத்த முறை சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏற்றம் எவ்வளவு என்று பாருங்கள். இடையில் ஒரே ஒரு இடத்தில் 30 சதவீதம் என்று காட்டினால் பயப்பட வேண்டாம். பாலமோ மலையைக் குடைந்த வெட்டோ வரும் இடங்களில் வரைபடத்தின் உயரக் கணக்கு இப்படிக் குழம்புவதுண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் உள்பக்க ஓரம் எப்போதும் செங்குத்து, ஏனென்றால் அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏறுகிறது. எதிரே வண்டி வரவில்லை, திருப்பத்துக்கு அப்பாலும் பார்க்க முடிகிறது என்றால் மட்டும் வெளிப்பக்கம் அகலமாகத் திரும்புங்கள். கியரையும் செங்குத்து தொடங்குவதற்கு முன்பே குறைத்துவிடுங்கள். முழுப் பளுவில் மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் சிக்கும்.

இப்போது பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். 28 என்றால், உங்கள் டிரெய்லியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) 34 வரை தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். செயினையும் நீளமாக்க வேண்டியிருக்கலாம். அதை மாற்றிக்கொண்டு அதே இரண்டாவது பாதையில், முதல் இரண்டு கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி ஏறிப் பாருங்கள். வலு போதவில்லையா என்ற கேள்வியை அதற்கு அப்புறம் கேட்கலாம்.