கோப்ரா முடியும்வரை பார்ட் பி-க்குக் காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். 67 வயது அப்பா மார்ச்சில் வேலையை விட்டார், கோப்ரா (அமெரிக்காவில் வேலையை விட்ட பிறகும் கம்பெனிக் காப்பீட்டைச் சொந்தச் செலவில் தொடரும் வசதி) 18 மாதம் ஓடும், அதற்கப்புறம் மெடிகேர் பார்ட் பி (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் டாக்டர் செலவுக்கான பகுதி) எடுக்கலாமா என்கிறீர்கள். அபராதம் இல்லாமல் சேர, வேலை நின்றதிலிருந்து 8 மாதம்தான். கோப்ரா அந்தக் கெடுவை நீட்டாது.

கம்பெனிக் கடிதத்தில் 18 மாதம் என்று இருப்பதைப் பார்த்துத்தான் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். கெடு தாண்டினால் ஜனவரி–மார்ச் பதிவுக்காலம்வரை நிற்க வேண்டும். தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியம் 10% கூடும், பார்ட் பி இருக்கும்வரை அது போகாது. அதைவிட எனக்குக் கவலை, மெடிகேர்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று சொல்லி கோப்ரா இன்சூரன்ஸே ஆஸ்பத்திரி பில்லைத் திருப்பிவிடலாம்.

1. பழைய கம்பெனியில் சிஎம்எஸ்-எல்564 படிவத்தை நிரப்பி வாங்குங்கள். வேலை நின்ற தேதி, காப்பீடு இருந்த தேதிகள் சரியா என்று பாருங்கள்.
2. அதை பார்ட் பி-க்கான சிஎம்எஸ்-40பி விண்ணப்பத்தோடு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கொடுங்கள்.

பார்ட் பி தொடங்கி 6 மாதத்துக்குள் மெடிகேப் (மெடிகேர் கொடுக்காத மிச்சச் செலவுக்கான தனியார் காப்பீடு) எடுத்தால் சர்க்கரை, பிரஷரைக் காட்டி மறுக்க முடியாது.

அம்மா இன்னும் வேலையில் இருந்து, அவருடைய கம்பெனிக் காப்பீட்டில் அப்பாவும் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.