உறைபனியில் கருகிய தேயிலையை உடனே கவாத்து செய்யலாமா?

கேள்வி: ஐயா, ஊட்டி பக்கம் எமரால்டு அருகே சரிவில் தேயிலை வைத்திருக்கிறேன். இரண்டு நாள் உறைபனியில் கீழ்ப்பக்கச் செடிகள் மட்டும் கருகிவிட்டன, மேட்டுப்பக்கம் பச்சையாகவே இருக்கிறது. கருகியதை உடனே கவாத்து செய்யலாமா? பக்கத்தில் இருக்கும் 60 நாள் உருளைக்கிழங்கும் வாடிவிட்டது.

பதில்: கத்தியை இப்போது எடுக்காதீர்கள். நீலகிரியில் பிப்ரவரி வரை உறைபனி இறங்கலாம். இப்போது வெட்டினால் வரும் இளந்துளிர் அடுத்த பனியில் முதலில் கருகும். அதோடு, கருகிய இலைகள்தான் கீழே உள்ள தண்டுக்கு இப்போது போர்வை. பனி விட்டதும் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். பச்சை தெரியும் இடம் வரை மட்டும் வெட்டி, பெரிய வெட்டுகளில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசை தடவுங்கள். கருகிய இலையைப் பறித்து நல்ல பச்சை இலையோடு கலந்து ஃபேக்டரிக்கு அனுப்ப வேண்டாம், தரம் கெட்டு விலைதான் குறையும்.

கீழ்ப்பக்கம் மட்டும் கருகியதற்குக் காரணம் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம் என்பதால் அது தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உங்கள் கீழ் எல்லையில் அடர்ந்த வேலியோ புதரோ இருந்தால் அதுவே அணை. அதில் ஒரு வழி திறந்துவிடுங்கள். செலவில்லாத வேலை, ஆனால் பலரும் இதைத்தான் கவனிப்பதில்லை.

ஸ்பிரிங்ளர் வைத்திருந்தால் பனி பிடிக்கும் முன்பே ஓட்டத் தொடங்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 80 கிலோகலோரி வெப்பம் வெளிவரும், இலையைக் காப்பது அதுதான். வெயில் ஏறி பனிக்கட்டி உருகும் வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நின்றால் ஈரம் ஆவியாகிச் செடியை இன்னும் குளிரவைக்கும். அதனால் குட்டையில் அவ்வளவு தண்ணீர் இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம். அப்போது சாயங்காலமே தாகைச் செடியையோ (காட்டுப் பெரணி) காய்ந்த புல்லையோ செடிகளின் மேல் பரப்புங்கள், இளஞ்செடிகளுக்குக் கட்டாயம். புகை போடுவதை நான் சொல்ல மாட்டேன். பலன் குறைவு, காய்ந்த புல்வெளியில் தீ பரவும் ஆபத்து அதிகம்.

உருளைக்கிழங்கில் அடித்தண்டு பச்சையாக இருந்தால் பகலில் ஒரு லேசான தண்ணீர் விடுங்கள், பக்கத்துளிர் வரும். மொத்தமாக யூரியா போட்டு விரட்ட வேண்டாம். தரை வரை கறுத்துவிட்டால் கிழங்கு இனி பருக்காது. செடி காய்ந்த பிறகு பத்துப் பதினைந்து நாள் மண்ணிலேயே விட்டுத் தோல் கெட்டியானதும் தோண்டுங்கள். சிறு கிழங்குதான், ஆனால் தோல் உரியாமல் சந்தைக்குப் போகும்.

அடுத்த பனிக்காலத்துக்கு முன் தேயிலைக்குத் தழைச்சத்தைக் குறைத்து பொட்டாஷ் கொடுங்கள். பள்ளத்தில் உள்ள சில்வர் ஓக் நிழல் மரங்களின் கிளைகளையும் அக்டோபருக்குப் பிறகு கழிக்காதீர்கள்.